பொட்டு இருக்கும் இடத்தில் மைக்

இன்று காலை சந்தனக் கட்டையை எடுத்துக்கொண்டு உரைக்க உட்கார்ந்ததுமே உன் மேல் கோபம் வந்துவிட்டது. ஆயுத பூஜை என்றால் எனக்கு முதலில் உன் மேல் கோபம், அடுத்தது சிரிப்பு, அதற்குப் பிறகுதான் சாமி. நீ இருந்த வருடங்களிலும் இதே வரிசைதான். கல்லில் சந்தனம் குழைந்து மணம் எழும்பியபோது, "ஏய் செல்வி, கெட்டியா ஒரைடி, தண்ணியா இருந்தா ஒழுகும்" என்று நீ பின்னால் நின்று அதட்டுவதுபோல் இருந்தது. அதை அதட்டிச் சொல்லும் யோக்கியதை உனக்குக் கிடையாது என்று வாய்விட்டே சொன்னேன். அறையில் யாரும் இல்லை.

ஈஜிபுரா சந்தில் நிற்கும் ஆட்டோக்களுக்கெல்லாம் விடிந்ததும் வாழைக்கன்று கட்டிவிட்டார்கள். கீழ்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டர் முன்னால் உடைத்த பூசணிக்காய் வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. நான் மாடி அறையில் கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு, ஹெட்போனுக்கு ஒரு பொட்டு, மைக் ஸ்டாண்டுகளுக்கு ஆளுக்கொரு பொட்டு என்று வைத்துக்கொண்டே வந்தேன். மைக்குகளை மட்டும் நேற்றே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். எங்கள் ஸ்டுடியோவில் மைக்குக்கு மட்டும் பூஜை கிடையாது, காரணம் நீ.

கடைசியாக உன் பெட்டிக்கு வந்தேன். உன் பேஸ் கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் பெட்டி. மெரூன் ரெக்சின், ஓரமெல்லாம் வெள்ளை பைப்பிங், முன்பக்கம் கறுப்புத் துணி. அந்தத் துணியில் நீ வைத்த குங்குமப் பொட்டு மங்கலாக இருக்கிறது. சாமி படத்துக்கு வைப்பதுபோல் மேலேயும் இல்லை, நடுவிலும் இல்லை. உள்ளே இருக்கும் ஸ்பீக்கரின் நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில், கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கி நிற்கும். புதிதாகப் பார்ப்பவர்கள், "என்னம்மா, கோணலா வெச்சிருக்கீங்க" என்பார்கள். அதன் மேலேயே விரலை வைத்துப் புதுக் குங்குமம் ஒற்றினேன்.

அப்போதுதான் போன் வந்தது. கோரமங்களாவில் பெரிய ஸ்டுடியோ ஒன்றில் வேலை செய்யும் சவுண்ட் இன்ஜினியர். குரலில் நம் ஊர்ப் பேச்சு. "மேடம், உங்க பாட்ட திரும்பவும் ரிலீஸ் பண்றாங்க. நான்தான் க்ளீன் பண்றேன். அதுல பேஸு லைன்ல எடுத்ததா, கேபினெட்ல மைக் வெச்சா? மைக்னா எந்த மைக் மேடம்? இன்னொன்னுங்கூட கேக்கணும்" என்றார். "உங்க பாட்டு" என்று அவர் சொன்னதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, பொய் சொல்லமாட்டேன். பூஜை முடியட்டும், நானே கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். அவருக்குப் பதில் சொல்லும் முன் உன்னிடம் ஒரு தடவை பேசிவிட வேண்டும் என்று தோன்றியது.

பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் நாம் பக்கத்துப் பக்கத்து மெஷின். நீ காலர், நான் கை. உன் அண்ணன் துபாய்க்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன பேஸ் கிட்டாரை நீ யாரிடமும் போய்க் கற்கவில்லை. கேசட்டைப் போட்டு, அடியில் ஓடும் சத்தத்தை மட்டும் பிடித்துப் பிடித்து, நான்கு கம்பிகளில் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டாய். வாரமெல்லாம் காலர், திருவிழாக் காலத்தில் ஆர்கெஸ்ட்ரா. அம்மன் கோவில், கல்யாண மண்டபம், கன்னட ராஜ்யோத்சவ விழா என்று மேடை மேடையாகப் போனாய். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பேஸ் கிட்டார் வாசிக்கும் பெண்ணை இந்த ஊர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. மேடையில் பாடகி பக்கம் திரும்பாமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்த ஆட்களை எனக்குத் தெரியும்.

என் கதை வேறு. சாப்பாட்டு நேரத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்ல ஆள் வேண்டும் என்று சூப்பர்வைசர் என்னை இழுத்துப்போனார். அந்தக் குரலே பிறகு எனக்குத் தொழிலாயிற்று. வேலையை விட்டு, இந்த மாடி அறையில் மெத்தை ஸ்பாஞ்சை ஒட்டி, ஆடித் தள்ளுபடி, காணாமல் போன நாய், காய்கறி வண்டி என்று தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி நாலிலும் அறிவிப்புப் பதிவு செய்து கொடுத்தேன். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, இதே தரையில் சாய்ந்துகொண்டு சொல்வாய்: "உன் கொரல் கேக்காத தெருவே இல்ல, மூஞ்சி யாருக்குந் தெரியாது. என் மூஞ்சி எல்லாருக்குந் தெரியும், சத்தம் ஒருத்தருக்குங் கேக்காது."

அதை நீ சிரித்துக்கொண்டே சொன்னாலும் அதில் இருந்த வலி எனக்குத் தெரியும். ஒவ்வொரு கச்சேரிக்கும் பிறகு ஊரே போனில் எடுத்த வீடியோவை அனுப்பும். நீ அதை அம்மாவிடம் காட்டுவாய். பாட்டு வரும், தபேலா வரும், கீபோர்டு வரும், கூட்டத்தின் விசில்கூட வரும். போனின் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் மட்டும் வராது. ஒரு நாள் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனைக் காதுக்கும் கண்ணுக்கும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, "எல்லார் சத்தமும் வருது, உன்னுது ஏண்டி வரல? கரெண்டு குடுக்கலியா?" என்று கேட்டார். முழங்கால் வலியால் மேடைப் பக்கம் வர முடியாதவர். அவரைப் பொறுத்தவரை நீ எத்தனையோ வருடமாக மேடையில் விரலை ஆட்டிக்கொண்டு சும்மா நிற்கிறாய்.

அன்றைக்குத்தான் சொந்தமாக ஒரு ஸ்பீக்கர் பெட்டி செய்துகொள்ளப் பிடிவாதம் பிடித்தாய். சோபா செய்யும் கடையில் பிளைவுட் பெட்டி அடித்து, சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருவரிடம் பெரிய ஸ்பீக்கர் வாங்கிப் பொருத்தி, மேலே போர்த்த ஆட்டோ சீட் தைக்கும் பாஷா பாயிடம் கொண்டுபோனோம். நான் கறுப்பு ரெக்சின் கேட்டேன். "கறுப்பு நக்கோ, வேணாம் அம்மா. சாவு வண்டி மாதிரி இருக்கும். மெரூன் போடு, ஜபர்தஸ்தா இருக்கும்" என்றார் அவர். நீ அவர் கட்சிக்குப் போய்விட்டாய். அதை மாடிப்படியில் ஏற்றிக் கொண்டுவந்தபோது சுவரில் விழுந்த கீறல் இன்னும் இருக்கிறது. ஏற்றிய நாலு பேரும், இனி இதை இறக்கச் சொன்னால் வரமாட்டோம் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அதனால்தான் அது இன்றும் இங்கே இருக்கிறது.

கிரீஷ் வந்தது அதற்குச் சில மாதம் கழித்து. சின்னக் கன்னடப் படம் ஒன்றுக்கு இசையமைத்துக்கொண்டிருந்தார், அவருக்கு அதுதான் முதல் படம். ஒரு கடை விளம்பரத்துக்காக என் அறைக்கு வந்தவர், போகிறபோக்கில் அந்தப் படத்துப் பாட்டு ஒன்றைப் போட்டுக்காட்டினார். மெதுவான பாட்டு. ராத்திரி ஷிப்டு முடிந்து பெண்கள் வீட்டுக்கு நடந்து வரும் காட்சி. பேஸை அவரே கீபோர்டில் வாசித்து வைத்திருந்தார். ஒரு தப்பும் இல்லை, உயிரும் இல்லை. என் வாய் சும்மா இருக்குமா? இதற்கென்றே பிறந்தவள் ஒருத்தி இருக்கிறாள், கார்மெண்ட்ஸில் இருந்து வீட்டுக்கு நடந்தே போகிறவள் என்றேன். அவர் யோசித்து, "நோடோண மேடம்" என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? விஜயதசமி அன்று சாயங்காலத்துக்குள் அனுப்புங்கள், நன்றாக இருந்தால் வைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் கீபோர்டே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிட்டாரை நேராகக் கம்ப்யூட்டரில் சொருகிப் பதிவு செய்வதுதான் எல்லோரும் செய்வது, அதற்குப் பெயர் லைன். உனக்கு அது பிடிக்கவில்லை. "பொட்டியில இருந்து வர்றதுதான் நானு. ஒயர்ல இருந்து வர்றது நானில்ல" என்றாய். சரி, பெட்டி முன்னால் மைக் வைத்தே எடுப்போம் என்று முடிவாயிற்று. எந்த மைக் என்பதில் எனக்கு அப்போது சந்தேகமே இல்லை. உள்ளதில் உசத்தியானது. தெரிந்த ஸ்டுடியோவில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கண்டென்சர் மைக் இரவல் வாங்கி வந்தேன். எறும்பு ஊர்வதுகூடக் கேட்கும் ரகம். வெல்வெட் பையிலிருந்து எடுத்து, ஸ்டாண்டில் மாட்டி, உன் பெட்டி முன்னால் நிறுத்தி வைத்தேன். அன்று ஆயுத பூஜை.

நான் பொரியும் வாழைப்பழமும் வாங்கக் கீழே போனேன். திரும்பி வந்தால் அறை முழுக்கப் பொட்டு. சுவிட்ச் போர்டுக்குப் பொட்டு, நாற்காலிக்குப் பொட்டு. அந்தக் கண்டென்சர் மைக்கின் முகத்தில், சல்லடை மாதிரி இருக்கிற அந்த வலையில், மூன்று விரல் சந்தனப் பட்டை. நடுவில் குங்குமம். மேலே ஒரு முழம் மல்லிகை. நீ கற்பூரத் தட்டோடு நின்று என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாய்.

"இன்னாடி பண்ண?" என்றேன்.

"விருந்தாளி மைக்குடி அது. எல்லாத்துக்கும் வெச்சிட்டு அதுக்கு மட்டும் வெக்காம உட்டா நல்லா இருக்குமா?"

சந்தனம் தண்ணியாக இருந்தது. வலை வழியாக உள்ளே ஒழுகிக்கொண்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தார். மைக்கின் சொந்தக்காரர் விஷயம் தெரிந்து ஓடிவந்து, மாலையும் பட்டையுமாக நின்ற தன் மைக்கைப் பார்த்து, கன்னடத்திலும் இங்கிலீஷிலும் திட்டித் தீர்த்துவிட்டு எடுத்துப்போனார். பிறகு மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து அதைப் பிழைக்க வைத்துவிட்டார் என்று கேள்வி. அன்றைக்கு நமக்கு அது தெரியாது. மறுநாள் சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும், கையில் மைக் இல்லை. நீ சுவரோரம் உட்கார்ந்து, குங்குமக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாய். அன்று முழுக்க நீ எதையுமே தொடவில்லை.

விஜயதசமி காலையில் ஆர்கெஸ்ட்ராவின் இரண்டு மைக்குகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாய். ஒன்று, பெரிய டிரம்முக்குள் வைப்பது. பேஸுக்கு அதுதான் பொருத்தம் என்று எவரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். வைத்துப் பதிவு செய்து ஹெட்போனில் கேட்டால், அடேயப்பா, வயிறு அதிர்ந்தது. எனக்குத் திருப்தி. உனக்கும் முகம் மலர்ந்தது. அப்புறம் நீ கொஞ்சம் யோசித்து, "போன்ல போட்டுக் காட்டு" என்றாய்.

போனில் போட்டேன். ஒன்றுமே இல்லை. ஆரம்பத்தில் விரல் படும்போது ஒரு டிக், அவ்வளவுதான். அடியில் இருந்த அத்தனை அதிர்வும் போனுக்கு எட்டவே இல்லை. "பாத்தியா, கரெண்டு குடுக்கல" என்றாய், அம்மாவின் குரலில். சிரிக்கப் பார்த்தாய், முடியவில்லை. அந்த நிமிடம்தான் எனக்கு விஷயம் விளங்கியது. நாம் எடுக்க வந்தது கிரீஷுக்கு மட்டுமல்ல. அம்மாவின் போனில் கேட்கவில்லை என்றால், எந்தப் படத்தில் வந்தாலும் உனக்கு அது வந்த மாதிரியே இல்லை.

அடுத்தது பாடகர்கள் கையில் பிடிக்கும் சாதாரண மேடை மைக். அதில் எடுத்தது போனில் கேட்டது. ஆனால் யாரோ கதவைத் தட்டுவதுபோல் டொக் டொக் என்று கேட்டது. ஹெட்போனில் அடிவயிறே இல்லை. ஒன்றில் உடம்பு இருக்கிறது, பேச்சு இல்லை. இன்னொன்றில் பேச்சு இருக்கிறது, உடம்பு இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசியதுபோல் குழம்பிற்று. வெளியே வெயில் ஏறிக்கொண்டே இருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் மூளை வேலை செய்யும் என்று நீ சொல்வாய். அன்று செய்தது. என் குரல் எங்கே போய்க் கேட்கிறது? தள்ளுவண்டியில் கட்டிய ஓட்டை ஹார்ன் ஸ்பீக்கரில். போனைவிட மோசம் அது. ஹோசூர் ரோடு இரைச்சலில் அந்த ஓட்டையிலிருந்து "டொமேட்டோ" என்று நான் சொன்னால் மூன்றாவது மாடியில் வாளியைக் கயிற்றில் இறக்குகிறார்கள். என் குரல் கட்டைக்குரல். அதன் கட்டையும் போகாமல், சொல்லும் தேயாமல் இருக்க நான் எத்தனை மைக்கை மாற்றிப் பார்த்து, கடைசியில் ஒன்றைப் பிடித்தேன்! ரேடியோவில் அறிவிப்புச் சொல்கிறவர்கள் வைத்திருப்பார்களே, தடியாக, சொம்பு கனத்துக்கு, அந்த மாதிரி டைனமிக் மைக். அது என் மேஜையிலேயே, ஸ்டாண்டின் நீட்டுக் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. பேசுவதற்கு உள்ளது என்று அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பேஸும் கட்டைக்குரல்தானே, அதுவும் ஓட்டை ஸ்பீக்கரில்தானே பேச வேண்டும்?

"அது உன் மைக்குடி" என்றாய்.

"எடுத்து வை."

"நான் தொடல. நீயே எடு."

முந்தின நாள் பயம் உனக்குத் தெளியவில்லை. நானே கழற்றி எடுத்து உன் பெட்டி முன்னால் வைத்தேன்.

ஸ்பீக்கரின் நடுவுக்கு நேராக வைத்தால் கம்பியில் விரல் உரசுவதெல்லாம் சரசரவென்று வந்தது. விளிம்புக்குத் தள்ளினால் சத்தம் போர்வைக்குள் போய் ஒளிந்துகொண்டது. நீ ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாய், நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முட்டி போட்டு மைக்கை அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். துணியை ஒட்டி வைத்தால் அடிச்சத்தம் புரண்டு வந்தது, ஒரு கை அகலம் தள்ளி வைத்ததும் நிதானத்துக்கு வந்தது. முட்டி தேய்ந்ததுதான் மிச்சம் என்று நினைத்த நேரத்தில், நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில், கொஞ்சம் வலப்பக்கம், நீ சட்டென்று அறைக்குள் வந்துவிட்டாய். வேறு எப்படிச் சொல்வது? அதுவரை பெட்டி சத்தம் போட்டது, அந்த இடத்தில் நீ பேசினாய். நான் கையைத் தூக்கினேன். நீ வாசிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்து, "வந்துட்டனா?" என்று கேட்டாய்.

போனில் போட்டோம். சின்னதாக, ஆனால் தெளிவாக, ஒவ்வொரு சுரமும் வாய் திறந்து சொன்னதுபோல் கேட்டது. நீ போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

மைக் நகர்ந்தால் மறுபடி இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமே என்று நான் ஒட்டுவதற்கு டேப் தேடினேன். "டேப்பு உரிஞ்சி போயிடும்" என்றாய். முந்தின நாள் தட்டில் மிச்சமிருந்த குங்குமத்தைத் தொட்டு, மைக்குக்கு நேரே துணியில் ஒரு பொட்டு வைத்தாய். வைத்துவிட்டு, "இதுக்குத் திட்டமாட்டியே?" என்றாய். திட்டவில்லை. உலகத்தில் வேறெந்த ஸ்டுடியோவிலும் மைக் வைக்கும் இடத்துக்கு இப்படி ஓர் அடையாளம் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அந்தப் பெருமை எனக்கு உண்டு.

அப்புறம் பதிவு. முதல் இரண்டு தடவை நீ பயந்து வாசித்தாய். மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டாய். ஷிப்டு முடிந்து பொம்மனஹள்ளியிலிருந்து பஸ் கிடைக்காமல் நாம் நடந்து வந்த நாட்களெல்லாம் அதில் இருந்தன. அவசரமே இல்லை, களைப்பு இருந்தது, களைப்புக்கு அடியில் ஒரு திமிர் இருந்தது. கடைசிச் சுரத்தை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டாய். அது மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கிக்கொண்டிருந்தபோது, சந்து முனையில் காய்கறி வண்டி திரும்பியது.

"டொமேட்டோ... ஆலுகட்டே... ஈருள்ளி..."

என் குரல். நானே இதே அறையில், இதே மைக்கில் பதிவு செய்து கொடுத்த குரல். ஜன்னல் வழியாக வந்து உன் கடைசிச் சுரத்தின் வாலில் உட்கார்ந்துகொண்டது.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். போட்டுக் கேட்டோம். கண்டென்சர் மைக்காக இருந்திருந்தால் ஈஜிபுரா மொத்தமும் உள்ளே வந்திருக்கும். இந்த மைக் பக்கத்தில் இருப்பதை மட்டும் கேட்கிற ஜாதி என்பதால் தூரத்தில், மிக மெலிதாக, வெங்காயத்துக்குச் சொன்ன 'ஈருள்ளி' மட்டும் கேட்டது. தெரிந்தவர்களுக்குத்தான் அது குரல் என்று தெரியும். "இன்னொரு தடவ எடுத்துருவோம்" என்றேன்.

"வேணாம்."

"அழுக்கு இருக்குடி அதுல. கேட்டா கிரீஷ் தூக்கிப் போட்ருவாரு. அப்புறம் கீபோர்டுதான்."

"மறுபடி வாசிச்சா இது வராது. எனக்குத் தெரியும்" என்றாய். கம்பியைத் துடைத்தாய். "இருக்கட்டும் செல்வி. நீயும் இருந்துட்டுப் போ."

வெயில் இறங்கும் நேரத்தில் அனுப்பினோம். அனுப்பிய பிறகு நீ கிட்டாரை உறையில் போடாமல் மடியிலேயே வைத்திருந்தாய். நான் டீ போட்டேன், ஆறிப்போயிற்று. விளக்கேற்றும் நேரத்துக்குப் போன் அடித்தது. கிரீஷ் பஸ்ஸில் இருந்தார், இரைச்சலாக இருந்தது. வணக்கம்கூடச் சொல்லாமல் "யாரு ப்ளே மாடிரோது?" என்றார். வாசித்தது யார் என்று கேட்கிறார். நான் ஸ்பீக்கரில் போட்டு உன் பக்கம் நீட்டினேன். இதோ, இவள்தான் என்று நானே சொன்னேன். ஹெட்போன் வீட்டில் இருப்பதால் சும்மா போனிலேயே போட்டுப் பார்த்ததாகவும், பஸ் இரைச்சலிலும் ஒவ்வொரு சுரமும் கேட்டதாகவும் சொன்னார். கீபோர்டு பேஸை எடுத்துவிட்டேன், கடைசி வரியில் மற்ற வாத்தியங்களையும் நிறுத்தப்போகிறேன், உங்கள் சுரம் மட்டும் தனியாக நின்று முடியட்டும் என்றார். வாலில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. நாமும் சொல்லவில்லை. நீ என் கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாய்.

படம் வந்த சுவடு தெரியாமல் போயிற்று. பாட்டு மட்டும் நிலைத்து நின்றது. உன் அம்மா போனைக் காதில் வைத்து, முதல் வரியிலேயே நிமிர்ந்து பார்த்து, "இதோ, இது நீ" என்றார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முழுப் பாட்டையும் கேட்டு முடித்துவிட்டு, "இவ்ளோ நாளா இதத்தான் வாசிச்சினு இருந்தியா?" என்று கேட்டார். நீ சமையலறைக்குப் போய் அழுதாய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு. ஈஜிபுரா சிக்னலில் நின்ற ஆட்டோ ஒன்றில் அந்தப் பாட்டு ஓடியபோது நீ என் தோளைப் பிடித்து நிறுத்தி, பச்சை விழுகிறவரை கேட்டாய். பாஷா பாய் தன் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், "அது நம்ம ரெக்சின் பாடுது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நீயோ கேட்பவர்களிடமெல்லாம், "நான் அந்த ஒசந்த மைக்குக்குச் சந்தனம் பூசலன்னா இவளுக்கு அந்த மைக்கு ஞாபகமே வந்திருக்காது" என்று சொல்லி, செய்த காரியத்துக்குப் பாராட்டும் வாங்கிக்கொண்டாய். அதில்தான் எனக்கு இன்றும் கோபம்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வந்து அந்தப் பொட்டைப் புதுப்பித்தாய். போன வருடம் ஆடியில் காய்ச்சல் என்று படுத்தாய், பிறகு எழுந்திருக்கவில்லை. ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கார்மெண்ட்ஸிலிருந்து நம் மெஷின் வரிசை முழுக்க அரை நாள் லீவு போட்டு வந்தது. பெட்டியை எடுத்துக்கொள்ள உன் அண்ணன் வந்தார். மாடிப்படியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், "இங்கேயே இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு இந்தப் பெட்டியில் வாசிக்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். கைநிறைய மைக் கொண்டுவருகிறார்கள். எதை வேண்டுமானாலும் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுவேன். சுற்றிச் சுற்றி நகர்த்திவிட்டு, கடைசியில் பொட்டுக்கு நேரே வந்து நிற்பார்கள். உனக்காக ஒரு தடவை சிரித்துக்கொள்வேன்.

பூஜை முடித்து, பொரி தின்று, அந்த இன்ஜினியரைக் கூப்பிட்டேன். மைக் எது என்று சொன்னேன். "அது பேசற மைக்காச்சே மேடம்" என்றார். ஆமாம், பேசுகிற மைக்தான் என்றேன். எந்த இடத்தில் வைத்தீர்கள் என்று கேட்டார். பொட்டு வைத்த இடத்தில் என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஒரு நாள் வந்து பாருங்கள் என்றேன்.

"இன்னொன்னு கேக்கணும்னு சொன்னேனே மேடம். பேஸ் ட்ராக்க மட்டும் தனியா போட்டுக் கேட்டேன். லாஸ்ட் நோட்டுல ஏதோ நாய்ஸ் இருக்கு. தூரத்துல யாரோ என்னமோ சொல்ற மாதிரி. இப்ப சாஃப்ட்வேர்ல சுத்தமா எடுத்துடலாம். எடுத்துடட்டுமா?"

இத்தனை வருடத்தில் நம்மைத் தவிர அதைக் கேட்ட முதல் காது அவருடையது. உன் பெட்டியைப் பார்த்தேன். குங்குமம் இன்னும் ஈரமாக இருந்தது.

"அதுல கை வெக்காதீங்க தம்பி" என்றேன். "பேஸு வாசிக்கிறது என் ஃப்ரெண்டு. அந்தக் கொரல் நானு. நானும் இருக்கட்டும்னு அவதான் சொன்னா."